ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஃபெஸ்

மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நடக்கும் பாதை ஒன்றுதான். நீல ஓடு பதித்த பாப் பூ ஜெலூத் வாயிலில் நுழைந்து, தாலா கபீரா என்னும் சரிவான கடைத்தெருவில் இறங்கி, பூ இனானியா, அத்தாரின் என்னும் மதரஸாக்களைப் பார்த்து, கராவியின் என்னும் பள்ளிவாசலைத் திறந்திருக்கும் கதவு வழியே எட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு தோல் கடையின் மொட்டைமாடியில் ஏறி, மூக்கருகே புதினாக் கொத்தைப் பிடித்தபடி சுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். இவற்றில் எதையும் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானும் பார்த்தேன். ஆனால் நகரத்தின் அடையாளமாக எல்லோரும் படமெடுக்கும் அந்த நீல வாயில் 1913-இல், பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சி தொடங்கிய பிறகு கட்டப்பட்டது. அதைவிடப் பல நூற்றாண்டு மூத்த இடங்கள் ஆற்றின் மறுகரையில் ஏறக்குறைய ஆளரவமின்றி இருக்கின்றன.

ஃபெஸ் தொடக்கத்தில் ஓர் ஊர் அல்ல, எதிரெதிரே நின்ற இரண்டு ஊர்கள். இத்ரீசிய வம்சத்தை நிறுவிய முதலாம் இத்ரீஸ் 789-இல் ஆற்றின் வலக்கரையில் ஒரு குடியிருப்பை அமைத்தார். அவருடைய மகன் 809-இல் இடக்கரையில் மற்றொன்றை அமைத்தார். 818-இல், அந்தலூசியா எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினின் கொர்தோபாவில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் வலக்கரையில் குடியேறியதால் அது அந்தலூசியர் கரையாயிற்று. இன்றைய துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் எதிர்க்கரையில் தங்கினார்கள். கராவியின் என்ற பெயரே அவர்களைக் குறிப்பதுதான். தனித்தனி மதில்களோடு அடிக்கடி முட்டிக்கொண்டிருந்த இவ்விரு ஊர்களையும் 11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் வம்சத்துத் தலைவரான யூசுஃப் இப்னு தாஷ்ஃபின் நடுமதிலை இடித்து ஒன்றாக்கினார். ஆயினும், செல்வமும் கல்வியும் வணிகமும் கராவியின் கரையிலேயே குவிந்துவிட்டன. சுற்றுலாக் கூட்டமும் அந்தப் பழைய ஓரவஞ்சனையைத்தான் தன்னையறியாமல் தொடர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாதி மூடப்பட்ட ஆற்றின் மேல் அமைந்த ர்சீஃப் சதுக்கத்தைக் கடந்து மேட்டில் ஏறத் தொடங்கியதும் தெருவின் குணம் மாறிவிடுகிறது. செப்பு விளக்கும் தோல் பையும் விற்கும் கடைகள் முடிந்து, பிளாஸ்டிக் வாளி, பள்ளி நோட்டுப் புத்தகம், உயிர்க்கோழி, கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி என்று ஊர்க்காரர்களுக்கான கடைகள் வருகின்றன. யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. இந்த ஏற்றத்தில்தான் ஸஹ்ரிஜ் மதரஸா இருக்கிறது. மரீனித் வம்சத்து இளவரசர் அபுல் ஹசன், தாம் பட்டத்துக்கு வருவதற்கு முன்பே, 1321-க்கும் 1323-க்கும் இடையில் இதைக் கட்டுவித்தார். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்நிறச் சுவரும் சிறிய கதவும்தான்.

உள்ளே முற்றத்தின் நடுவில் நீள்சதுரக் குளம் ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கிறது. சுற்றிலும் கீழ்ப்பகுதியில் ஸெலீஜ் எனப்படும் ஓட்டுச் சில்லு வேலை, அதற்கு மேல் சுதைச் செதுக்கல், அதற்கும் மேல் தேவதாரு மரம் என்று மூன்று அடுக்காக அலங்காரம் ஏறுகிறது. பூ இனானியாவிலும் அத்தாரினிலும் இதே முறைதான் என்றாலும், அங்கே முன்னால் நிற்பவரின் கைபேசிக்கு மேலாகத்தான் சுவரைப் பார்க்க முடியும். இங்கே ஒரே சுவரின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்கார்ந்தபோதுதான் ஓடுகள் அச்சில் வார்த்தவை அல்ல என்பது கண்ணுக்குப் புலப்பட்டது. மெருகேற்றிச் சுட்ட ஓட்டை உளிபோன்ற கூரிய சுத்தியலால் கையால் கொத்திக் கொத்தி எடுத்த சில்லுகள் ஆதலால், ஒரே வடிவம் என்று நினைத்த இரண்டு நட்சத்திரங்களின் முனைகள்கூடச் சற்றே வேறுபடுகின்றன. பச்சை ஓரிடத்தில் இலைநிறமாகவும் பக்கத்தில் பாசிநிறமாகவும் இருக்கிறது. மேலே உள்ள மரச்செதுக்கல் வெயிலிலும் மழையிலும் அடிபட்டுச் சாம்பல் பூத்திருந்தாலும் எழுத்துகளின் வளைவு மங்கவில்லை. மாணவர்கள் தங்கிய அறைகள் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கே இருக்கின்றன. இந்த நகரத்தில் ஒரே ஒரு மதரஸாவைத்தான் பார்க்க நேரம் உண்டு என்று யாராவது கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

இன்னும் சற்று மேலே அல் அந்தலுஸ் பள்ளிவாசல். கராவியினை நிறுவியதாக மரபு சொல்லும் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரியின் தங்கை மர்யம் இதை நிறுவினார் என்று சொல்கிறார்கள். மொரோக்கோவின் பெரும்பாலான பள்ளிவாசல்களைப் போலவே இங்கும் முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. அதனால் குறையொன்றுமில்லை, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்மொஹாத் வம்சத்தினர் எழுப்பிய வடக்கு வாயில், படிகளின் உச்சியில், செதுக்கிய மரக் கூரையோடு தெருவை நோக்கி நிற்கிறது. அதைப் பார்க்கவே இவ்வளவு தூரம் ஏறி வரலாம்.

கூட்டம் நடக்கும் தெருவிலேயே கூட்டம் கவனிக்காத இடங்களும் உண்டு. பூ இனானியா மதரஸாவுக்கு நேர் எதிரே தலைக்கு மேல் பார்த்தால் வரிசையாகப் பன்னிரண்டு சிறு சன்னல்களும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளும் தெரியும். அது 1357-இல் முடிக்கப்பட்ட நீர்க்கடிகாரம். தொட்டியிலிருந்து ஒரே சீராக நீர் வடிய, அதன் மேல் மிதக்கும் எடையோடு கயிற்றால் பிணைத்த சிறு வண்டி சன்னல்களுக்குப் பின்னால் நகர்ந்ததென்றும், மணிக்கு ஒரு சன்னல் கதவு திறந்து ஓர் உலோக உருண்டை கீழே இருந்த பித்தளைக் கிண்ணத்தில் விழுந்ததென்றும் கருதுகிறார்கள். கிண்ணங்களைச் சீரமைப்புக்காக எடுத்துப் போய்விட்டார்கள், கடிகாரமும் ஓடவில்லை. கதவைப் பார்த்தே கதையை ஊகிக்க வேண்டியிருப்பதால்தானோ என்னவோ, வழிகாட்டிகள் அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள்.

அதே போலத்தான் மருதாணிக் கடைவீதியும். நிழல்மரங்களின் கீழ் மருதாணி இலையும் சுர்மாவும் தலைக்குத் தேய்க்கும் களிமண்ணும் விற்கும் இச்சிறு சதுக்கத்தை ஒட்டித்தான், 1286-இல் மரீனித் சுல்தான் ஒருவர் நிறுவிய சீதி ஃப்ரெஜ் மருத்துவமனை இருந்தது. மனநோயாளிகளைப் பேணிய இடம். அடிபட்ட நாரைகளுக்கும் அங்கே சிகிச்சை நடந்ததாகச் சொல்வதுண்டு. பிற்காலத்தில் ஐரோப்பியருக்கு ஆப்பிரிக்காவை விவரித்து எழுதிய ஹசன் அல் வஸ்ஸான், அதாவது லியோ ஆஃப்ரிக்கானுஸ், இளமையில் இங்கே எழுத்தராக வேலை பார்த்தவர். பழைய கட்டடம் தீக்கிரையாகி, இப்போது அங்கே கடைகள்தான் இருக்கின்றன.

உண்பதில் ஆர்வமுள்ளவர்கள் தாலா கபீராவிலுள்ள காத் ஸ்மென் சத்திரத்துக்குள் நுழைய வேண்டும். பல வகைத் தேனும், கொழுப்பில் பதப்படுத்திய உப்பிறைச்சியான க்லியாவும், நாட்பட வைத்துப் புளிக்கவைத்த வெண்ணெயான ஸ்மெனும் பெரிய தாழிகளில் இருக்கும். ஸ்மெனின் வாசனை நம் உருக்கிய நெய்யைவிடப் பாலாடைக்கட்டிக்கே நெருங்கியது. எனக்குப் பிடித்தது, என்னோடு வந்தவருக்குப் பிடிக்கவில்லை. 1438-இல் உருவான யூதர் குடியிருப்பான மெல்லாவும், 17-ஆம் நூற்றாண்டின் இப்னு தனான் தொழுகைக்கூடமும் புதிய நகரமான ஃபெஸ் எல் ஜ்தீதில் இருப்பதால் அவற்றுக்கு ஒரு தனிக் காலைப்பொழுது தேவை.

அந்தலூசியர் கரைக்கு ர்சீஃபிலிருந்து ஏறுவதைவிட, சிவப்பு நிறச் சிறு டாக்சியில் பாப் ஃப்தூஹ் வாயிலுக்குப் போய் இறங்கி, பள்ளிவாசல் வாயில், மதரஸா, ர்சீஃப் என்று சரிவில் நடந்து வருவது முழங்காலுக்கு நல்லது. வழியில் எந்த இளைஞராவது அந்தப் பாதை மூடியிருக்கிறது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நடையைத் தொடரலாம். ஆனால் பின்னாலிருந்து "பாலாக்!" என்று குரல் வந்தால் உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், சுமையேற்றிய கோவேறு கழுதை யாருக்காகவும் நிற்பதில்லை.