கடைசித் தவணை கட்டி ஒன்பது மாதம்

போன புதன்கிழமை அப்பாவின் ஆட்டோவுக்கு சீஆர் புத்தகம், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழ், கைக்கு வந்தது. லீசிங் கட்டி முடித்தது 2024 ஆகஸ்டில், புத்தகம் வந்தது 2025 மே மாதம். அன்று இரவு அப்பா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இதே மாதிரி மாட்டியிருக்கிற ஐந்தாறு ஆட்டோக்காரரை எனக்குத் தெரியும் என்பதால் ஆறுவதற்கு முன்னமே எழுதிவிடுகிறேன்.

ஆட்டோ 2019இல் எடுத்தது. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற பெரிய லீசிங் கம்பனி. நாலரை இலட்சம், 48 மாதம், மாதம் 15,700. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். அப்பா பென்சிலால் புள்ளடி போட்ட இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். அதில் ஒன்று வெறுமையான உரிமை மாற்றப் படிவம். அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

2020இல் கொரோனாவுக்கு ஆறு மாதத் தவணைச் சலுகை, 2022இல் பெற்றோல் இல்லை. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த புதிதில் ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். அந்த ஐந்து லீற்றரில் ஓடித் தவணையும் கட்ட முடியுமா? பிந்தியது உண்மை. பிந்தியதற்கு வட்டி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வழக்கில்லை.

கடைசித் தவணை கட்டிய அன்று கவுண்டரில் இருந்த தம்பி "முடிஞ்சுது ஐயா, சீஆர் கொழும்பில இருந்து வரும்" என்றார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. போகும்போதெல்லாம் "மறுகா வாங்க" என்ற ஒரே பேச்சு. மூன்றாம் மாதம் நானும் கூடப் போனேன். அப்போதுதான் கணினியைப் பார்த்துவிட்டு, "86,340 ரூபா நிலுவை இருக்கே மிஸ்" என்றார்கள். என்ன நிலுவை என்று கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது".

அந்த இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அப்பாவும் அப்படித்தான் சொன்னார், "கட்டித் துலைப்பம் மகள், ஓடித் திரிய ஏலாது". கம்பனி நம்பியிருப்பதும் அந்தக் களைப்பைத்தான். நான் அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் முழுக் கணக்குக் கூற்றும் எழுத்தில் வேண்டும் என்று எழுதி, பிரதியில் திகதி முத்திரை குத்தச் சொன்னேன். குத்த மாட்டோம் என்றார்கள். அடுத்த நாள் அதையே பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் துண்டை வைத்திருங்கள். பின்னால் எனக்கு வழிவிட்டது அந்தத் துண்டுதான்.

கூற்று வர ஐந்து வாரம். தாமத வட்டி 24,890. காப்புறுதி 27,600. தவணை கேட்டு வீட்டுக்கு ஆள் வந்ததற்குக் கட்டணம் 27 தரம், தரத்துக்கு 500. சட்டக் கடிதம் 7,500. இதரம் 12,850. இதரம் என்றால் என்ன என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அப்பா பற்றுச்சீட்டெல்லாம் ஒரு சொப்பிங் பையில் போட்டு ஆட்டோவின் முன் பெட்டியில் வைத்திருந்தார். கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் துண்டுகள். கவுண்டரில் அடித்துக் கொடுக்கிற அந்த வழவழப்பான தாள் சூட்டில் நின்று நின்று எழுத்தெல்லாம் பறந்துவிட்டது. வெளிச்சத்துக்குப் பிடித்துச் சரித்துப் பார்த்தேன், சிலதில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் நிழலாகத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. தயவுசெய்து பற்றுச்சீட்டு வாங்கிய கிழமையே போட்டோகொப்பி எடுங்கள், இல்லாவிட்டால் போனிலாவது படம் பிடியுங்கள்.

ஆனால் 2022இல் அப்பா தானே போய்க் கட்டிய காப்புறுதிச் சான்றிதழ் நல்ல தாளில் இருந்தது. அதே வருடத்துக்குக் கம்பனியும் காப்புறுதி என்று பிடித்திருக்கிறது. அப்புறம் அந்த 27 வருகைகளையும் திகதி திகதியாகப் பார்த்தேன். ஒன்று 2020 மார்ச் 22. ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க ஊரடங்கு. படலைக்கு வெளியே ஒரு நாய்கூட நடமாடாத அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஆள் வந்ததாக 500 ரூபா! அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டபோதுதான் இதை விடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஒரு நாள் வீணாய்ப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் முறைப்பாடு என்றால் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், என்று நினைத்து, பஸ் ஏறி மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டைக்குப் போனேன். கச்சேரி 2024இலேயே திராய்மடுப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ஆட்டோ பிடித்து அங்கே போனால், நுகர்வோர் பிரிவில் இருந்த அதிகாரி நிதானமாகக் கேட்டுவிட்டு, லீசிங் விஷயம் மத்திய வங்கியோடது என்று 1935 என்ற அவர்களின் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 பொருள், விலை, கடைச் சாமான் முறைப்பாட்டுக்கு. நிதிக் கம்பனி என்றால் நேரே 1935தான்.

மத்திய வங்கியில் இதற்கென்றே நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். அங்கேதான் அந்தத் தபால் துண்டு உதவியது. மத்திய வங்கியில் பதிந்த கம்பனிதானா என்பதையும் முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதினேன், இரண்டு பக்கம். கூற்று, காப்புறுதிச் சான்றிதழ், வட்டமிட்ட வரி எல்லாம் இணைத்தேன். திட்டி எழுதவில்லை. திகதியும் தொகையும் மட்டும்.

ஒரு மாதம் கழித்து, அதுவரை போனை எடுக்காத கிளை முகாமையாளர் தானே எடுத்தார். "அக்கா, இதைக் கொழும்பு வரைக்கும் கொண்டுபோகத் தேவையில்லையே, எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே." மூன்று மாதம் சொன்னோம் என்றேன். வருகைக் கட்டணம், சட்டக் கடிதம், இதரம் எல்லாம் போனது. காப்புறுதியில் 2022க்குரியது கழிந்தது. மிச்சத்தைக் கட்டினோம். தாமத வட்டியை ஒரு ரூபாவும் குறைக்கச் சொல்லவில்லை.

கட்டும்போது "இனி ஒரு நிலுவையும் இல்லை" என்ற கடிதம் கையில் வரும்வரை கவுண்டரை விட்டு எழும்பவில்லை. வாயால் சொல்வதை நம்பி நாங்கள் ஒருமுறை பட்டது போதும். சீஆரில் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் இருந்த கம்பனியின் பெயரை எடுக்கிற வேலை அதற்குப் பிறகு சிக்கலில்லாமல் நடந்தது.

மாற்றுத் திறப்பையும் கேட்டு வாங்குங்கள். எங்களுடையது ஒரு கடித உறைக்குள் வேறு யாருடைய இலக்கமோ எழுதிக் கிடந்தது, போட்டுப் பார்த்துத்தான் எடுத்தோம். அப்பா கையெழுத்து வைத்த அந்த வெறும் உரிமை மாற்றப் படிவம் மட்டும் இன்னும் வரவில்லை. தேடுகிறோம் என்கிறார்கள். நேற்று அதற்கும் ஒரு பதிவுத் தபால் போட்டுவிட்டேன்.