அம்மாவின் நேர்ச்சையும் பெரியமலைப் படிகளும்

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து 31 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, தூத்துக்குடிப் பக்கத்து எங்கள் ஊர்க் கோயிலில் அம்மா இயேசுவின் திருத்தூதர் புனித தோமையாருக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். பிள்ளை பிழைத்தால் பெரியமலைப் (சென்னைப் பரங்கிமலை) படிகளை முழந்தாளிலேயே ஏறிவந்து மெழுகுத்திரி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு இப்போது 4 வயது. அம்மாவின் முழங்கால்களுக்கோ இனிப் படியேறும் தெம்பில்லை. "நீ போய் என் கடனைத் தீர்த்துவிட்டு வா, ராசா" என்று தம் செபமாலையை என் கையில் வைத்து அனுப்பினார்.

திருத்தூதரின் திருநாளான ஜூலை 3 அன்று, அவர் கடைசியாக நடந்ததாகச் சொல்லப்படும் வழியிலேயே செல்ல வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். எனவே முதலில் சைதாப்பேட்டை சின்னமலைக்குச் சென்றேன். கி.பி. 52இல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கிய திருத்தூதர், பிற்காலத்தில் மயிலாப்பூர்ப் பக்கம் வந்து, பகைவர் தேடியபோது இந்தக் குகையில் ஒளிந்திருந்தார் என்பதும், அவர் தப்பிச் செல்லப் பாறையே வழிவிட்டது என்பதும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்தவை. குனிந்து உள்ளே நுழைந்து, அந்தத் திறப்பின் வழியே விழுந்த வெளிச்சத்தில் மூவொரு இறைவன் புகழ் என்னும் சிறு செபத்தைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பரங்கிமலை அடிவாரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. தம்மிடம் வாங்கும் திரியை மட்டுமே மேலே ஏற்றவிடுவார்கள் என்று கூசாமல் பொய் சொல்லி, ஒரு திரிக்கு மூன்று திரியின் விலையைக் கேட்டார் ஒருவர்; படியேறினால் மயங்கி விழுவேன் என்று அச்சுறுத்தி ஆட்டோவில் ஏற்றப் பார்த்தார் இன்னொருவர். நேர்ச்சைக்கு வரும் ஏழைகளிடம் இப்படிப் பணம் பறிப்பது பாவம் என்று யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகள் அவை. வெயில் ஏற ஏறக் கல்லும் கொதித்தது. இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதையின் ஒன்பதாம் நிலையை, ஆண்டவர் மூன்றாம் முறை விழும் அந்த இடத்தை, நெருங்கும்போது என் வலது முழங்காலில் தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது. இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி நின்று, தம் தோளிலிருந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து, நான்காக மடித்து என் முழங்காலடியில் வைத்தார். "அவசரப்படாதே தம்பி, மலை எங்கேயும் போய்விடாது" என்றார். துண்டைத் திருப்பிக் கொடுக்க நினைத்தபோது அவர் கூட்டத்தில் மறைந்துவிட்டார். அந்தத் துண்டு இப்போது எங்கள் வீட்டுப் பீடத்தில் இருக்கிறது.

மலைக்கோயிலின் பீடத்துக்குப் பின்சுவரில்தான் அந்தக் கற்சிலுவை இருக்கிறது. 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்தது. மேலே புறாவும் சுற்றிலும் பஹ்லவி என்னும் பழம் பாரசீக எழுத்துகளும் செதுக்கப்பட்டது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடக்கும்போதே அதில் இரத்தம் போல் வியர்வை வழிந்ததாகச் சொல்வார்கள். அது திருத்தூதர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பது அறிஞர் கருத்து. அவர் இறந்த விதம் பற்றியும் ஒரே கதை இல்லை. மஸ்தாய் மன்னனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்தினார்கள் என்கிறது பழைய சிரியாக் நூல். மயில் வேட்டைக்கு வந்தவன் எய்த அம்பு தவறிப் பட்டது என்று 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். கி.பி. 72இல், இந்த மலையில், சிலுவைமுன் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஈட்டியால் குத்தினார்கள் என்பது நம் மக்கள் சொல்வது. அம்மா சொல்லி நான் கேட்டு வளர்ந்ததும் அதுவே. கசியும் முழங்காலோடு அந்தச் சிலுவைமுன் நின்றபோது வேறெதுவும் என் மனத்தில் எழவில்லை. இயேசுவைப் பற்றி "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்" என்று ஒருநாள் சொன்னவர், சொன்னபடியே, தம் ஊரைவிட்டு இத்தனை தொலைவு வந்து இந்த மண்ணில் விழுந்திருக்கிறார். அவருடைய இரத்தத்துக்கு என் மகளையும் தெரிந்திருக்கிறது! கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் விரலை அசைத்த அந்த முதல் காலை நினைவுக்கு வந்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன். நன்றி ஐயா, நன்றி ஐயா என்பதைத் தவிர வேறு செபம் வரவில்லை.

சாந்தோம் பேராலயத்துக்கு மாலையில்தான் போக முடிந்தது. அங்குள்ள திருத்தூதரின் நிலவறைக் கல்லறைமுன் செல்பேசியில் படம் எடுப்போரின் சலசலப்பு ஓயவேயில்லை. அவருடைய எலும்புகள் இன்றைய துருக்கியிலுள்ள எதேசாவுக்கும், பின்னர் 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் சென்றதாக மரபு சொன்னாலும், அவரை முதலில் கிடத்திய மண் இதுதான் என்று நினைத்தபோது எழுந்து வர மனமில்லை.

இரவு அம்மாவை அழைத்தேன். மலைக்கோயிலின் சிலுவைக் கல்லைத் தொட்டாயா என்று கேட்டார். "இல்லை அம்மா, கூட்டத்தில் பீடத்தை நெருங்க முடியவில்லை, தள்ளி நின்றுதான் பார்த்தேன்" என்றேன். சற்றுநேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அது போதும், பிள்ளையிடம் போனைக் கொடு" என்றார்.