முட்டைக்குள்ளே ஐந்து பேர்

மார்ச் 15, 2024

காலை ஆறே முக்காலுக்கே கணினிக்கு முன்னால் குந்திவிட்டேன். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இரவு தங்க இடம் பிடிக்க ஐந்து மாதத்துக்கு முன்னர்தான் விடுவார்கள், அதுவும் காலை ஏழு மணிக்கு. ஆகஸ்ட் 15க்கு வேண்டுமென்றால் இன்றைக்கு. ஏழு மணி ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரோரத்து இடங்கள் எல்லாம் போய்விட்டன. எனக்குக் கிடைத்தது இரண்டாம் வரிசை, கழிப்பறைக்குக் கிட்ட. அம்மாவுக்கு அதுதான் வசதி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அல்கொன்குவின் பூங்கா, லேக் ஒஃப் டூ ரிவர்ஸ், மூன்று இரவு. அப்பா போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு அவருடைய ட்ரெயிலரோடு, வானுக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போய் உள்ளே படுக்கிற வண்டி அது.

இவரிடம் சொன்னேன். "முதல்ல அது உருளுமோ எண்டு பாரும்" என்றார்.

ஏப்ரல் 20

மார்க்கம் நகரத்துக்கு வடக்கே, அப்பாவின் சிநேகிதர் ஒருவருடைய காணியின் பின்மூலையில், நீலப் படங்குக்குக் கீழே கிடந்தது. படங்கை இழுத்ததும் என் மகன் சிரித்தான். "அம்மா, இது முட்டை!"

முட்டைதான். 1973ஆம் ஆண்டின் போலர். 13 அடி நீளம், கண்ணாடியிழை உடம்பு. மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று, இரண்டையும் இடுப்பில் பொருத்தியிருப்பார்கள். பெயர் வந்தது அந்தக் காலத்து வெள்ளைக்காரரின் போலர் தொப்பியிலிருந்து. வினிப்பெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் இதைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னர் அவர் கண்ணாடியிழையில் மலக்குழித் தொட்டி வடிவமைத்தவர். தொட்டியை இவ்வளவு இலேசாகச் செய்யலாமென்றால் ட்ரெயிலரையும் செய்யலாமே என்று யோசித்திருக்கிறார். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "முப்பது வருசமா நான் கக்கூசுத் தொட்டிக்குள்ளயோ படுத்தனான்?"

உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. மெத்தைகளை எறிய வேண்டியதுதான். ஆனால் குசினி மூலையில் இரட்டை அடுப்பு அப்படியே இருந்தது. அதன் பக்கத்து ஃபோர்மைக்காவில் ஒரு வட்டக் கறுப்பு: புட்டுப்பானையைச் சூட்டோடு இறக்கி வைத்த அடையாளம். அம்மம்மா செய்தது. அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

மே 4

முழு நாளும் ரிவெட். போலரில் மழை ஒழுகுவது பெரும்பாலும் இந்த ரிவெட் துளைகளாலும் யன்னல் ஓரங்களாலும்தான். உள்ளே இருக்கிற அலுமாரிகளை ஓட்டோடு பிடித்திருப்பதே அவைதான், வெளியிலிருந்து அடித்தவை. பழையதைத் துளைத்து எடுத்து, புதியதைப் போட்டு, யன்னல் சட்டத்தைக் கழற்றி பழைய பசையைச் சுரண்டி, பியூட்டில் நாடாவை ஒட்டி மறுபடி பூட்ட வேண்டும். ஒரு யன்னலுக்கு மூன்று மணித்தியாலம். நகத்துக்குள் போன அந்தக் கறுப்புப் பிசின் சவுக்காரத்துக்கு அசையாது. தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும்.

மேல் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் அப்பாவின் எழுத்து. புறப்படுமுன் பார்க்க வேண்டியவை, நீல மையில்: காஸ் பூட்டு. கூரை யன்னல். படி. சங்கிலி, லைற். கீழே ஐந்தாவதாகப் பென்சிலில்: அம்மம்மா?

அந்தக் கேள்விக்குறிக்குக் காரணம் உண்டு. 1995இல் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது ஹன்ட்ஸ்வில்லில் பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். அம்மம்மா ட்ரெயிலருக்குள் நித்திரை என்று அப்பா நினைத்தார். (ஓடுகிற ட்ரெயிலருக்குள் ஆள் இருக்கக் கூடாதென்பது அவருக்குத் தெரியாததல்ல. அம்மம்மாவோடு யார் வாதாடுவது?) அம்மம்மாவோ கழிப்பறைக்குப் போயிருந்தார். பதினைந்து நிமிடம் ஓடிய பிறகுதான் கண்டுபிடித்தோம். திரும்பிப் போனால், பெற்றோல் நிலையத்துப் பெடியன் கொடுத்த கதிரையில் காலாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரை வண்டிக்குள் நடு இருக்கையில்தான் ஏற்றியது.

மே 20

நீண்ட வார இறுதி. எட்மன்டனிலிருந்து தம்பி கூப்பிட்டான். அப்பா ஏன் இதை வாங்கினார் என்று கேட்டேன். "கரடிக்குப் பயந்துதான். அம்மம்மாவின்ர கருவாட்டுப் பொதி ஞாபகமில்லையோ?"

ஞாபகமில்லாமலா? முதல் வருடம், 1992. கூடாரத்துக்கு வெளியே மரக்கிளையில் பொதியைத் தொங்கவிட்டிருந்தார். இரவு வந்தது கரடியில்லை, ரக்கூன். கருவாட்டைத் தின்றுவிட்டுப் பையை மட்டும் மடித்ததுபோல விட்டுப் போயிருந்தது. ஆனால் காரணம் அதுவல்ல என்று நான் சொன்னேன். கூடாரம் ஒழுகியது, அதனால்தான் வாங்கினார். அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம்.

'காம்ப்' என்ற சொல்லுக்கு வீட்டில் நடந்த கலவரத்தை மட்டும் இருவரும் ஒரேமாதிரி வைத்திருக்கிறோம். அப்பா வேலையிலிருந்து வந்து, "வாற கிழமை காம்புக்குப் போறம்" என்றார். அம்மம்மாவின் கையிலிருந்த சுளகு நின்றுவிட்டது. "ஆரைப் பிடிச்சவங்கள்?" என்றார். எங்கள் ஊரில் காம்ப் என்றால் ஆமிக் காம்ப் ஒன்றுதான்.

ஜூலை 7

கொளுவியில் பிரச்சினை. எங்கள் வானின் பின்னால் இருப்பது இரண்டு அங்குல உருண்டை. பழைய போலருக்கு அதைவிடச் சின்னது வேண்டும். கடைப் பெடியன் ஒரு பின்னக் கணக்குச் சொன்னான், எனக்கு ஏறவில்லை. அம்மா பின்னாலிருந்து, "ஒண்டே முக்காலே அரைக்கால்" என்றார். அப்பா முன்னர் வாங்கிய அளவு. அந்த வாய்ப்பாடு நமது பள்ளிக்கூடங்களில் எப்போதோ நின்றுபோனது. ஹார்ட்வெயர் கடையில் உதவுகிறது.

ஆகஸ்ட் 15

முட்டை உருண்டது. 400ஆம் நெடுஞ்சாலை, 11ஆம் நெடுஞ்சாலை, பிறகு ஹன்ட்ஸ்வில்லில் திரும்பி 60. ஏற்றத்தில் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பெற்றோல் நிலையத்தில் எல்லோரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூங்காவுக்குள் 60ஆம் நெடுஞ்சாலையில் பிள்ளைகளுக்கு ஓநாய்க் கதை சொன்னேன். 1963இலிருந்து, ஆகஸ்ட் வியாழக்கிழமைகளில், ஓநாய்க் கூட்டம் எங்கே நிற்கிறதென்று முதல்நாள் தெரிந்தால், பூங்காக்காரர் சனங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். முன்னர் ஒருமுறை நாங்கள் போனபோது கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வரிசை. எல்லோரும் இயந்திரத்தை நிறுத்தி இறங்கி, மூச்சுக் காட்டாமல் நின்றோம். பூங்காக்காரர் ஒருவர் கையை வாயில் குவித்து ஊளையிட்டார். ஒன்றுமில்லை. இன்னொருமுறை. காட்டுக்குள்ளிருந்து முதலில் ஒன்று, பிறகு குட்டிகளின் கீச்சுக்குரல்கள். அம்மம்மா என் காதில், "நரியை இப்பிடியும் ஆரும் கூப்பிடுவினமே?"

அம்மா இறங்கியதும் தண்ணீரைப் பார்த்தார். "குளம் வத்தேல்லை" என்றார். முப்பது வருடமாகத் திருத்துகிறேன், அவருக்கு எந்த ஏரியும் குளம்தான்.

ஆகஸ்ட் 16

பகலில் பிள்ளைகள் பழைய ரயில் பாதையில் சைக்கிள் ஓடினார்கள். 1896இல் மரம் ஏற்றுவதற்குப் போட்ட பாதை, தண்டவாளம் எப்போதோ போய்விட்டது.

மாலை கூழ். விறகு அங்கேயே வாங்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுபோனால் விறகோடு மரத்தைக் கொல்லும் பூச்சியும் போய்விடும். ஒடியல் மாவைக் கழுவி ஊறவிட்டது நான், மிச்சமெல்லாம் அம்மா: மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாயும் உள்ளியும் சேர்த்து இடித்தது, கடைசியில் பழப்புளி. பிலா இலைக்கு எங்கே போவது? காகிதக் கோப்பைதான். பக்கத்து இடத்துக் கியூபெக் தம்பதி மணத்துக்கே எழும்பி வந்து இரண்டு கோப்பை குடித்தார்கள். அந்த மனிதருக்கு மூக்காலும் கண்ணாலும் ஓடியது, ஆனாலும் கோப்பையை நீட்டினார். பிறகு சட்டி, கரண்டி, மேசை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மிச்சத்தை வானுக்குள் பூட்டினோம். கரடி விடயத்தில் தம்பி சரி.

இருட்டியதும் லூன் என்ற நீர்ப்பறவை கத்தியது. அம்மா சிரித்தார். முதல் வருடம் அந்தக் குரலைக் கேட்டு, எங்கோ செத்தவீடு என்று எழும்பியவர் அவர். விடிந்ததும் அப்பா ஒரு டொலர்க் குற்றியை எடுத்து, "இவர்தான் ராத்திரி கத்தினவர்" என்று அதிலிருந்த பறவையைக் காட்டினாராம்.

"கூடாரம் ஒழுகினபடியால்தானே அப்பா இதை வாங்கினவர்?" என்று கேட்டேன்.

"கூடாரம் ஒழுகேல்லையே" என்றார். நெருப்பைக் கிளறினார். "நான்தான் உள்ளுக்குப் படுக்கேல்லை. விடியும்வரைக்கும் வானுக்குள்ள இருந்தனான். காத்துக்குத் துணி அடிச்சுக்கொண்டே இருந்தது. நல்லூர்க் கோயிலடியில படங்கு அடிச்ச மாதிரி."

1987 ஒக்டோபர். கோயிலைச் சுற்றி, சண்டைக்குத் தப்பி வந்த ஆயிரக்கணக்கான சனம். எனக்கு அப்போது ஆறு வயது. வரிசையில் வாங்கிய கஞ்சி மட்டும் நினைவிருக்கிறது.

"அடுத்த வசந்தம் இதை இழுத்துக்கொண்டு வந்தார். ஆயிரத்து நூறு டொலர், கையில காசில்லாத நேரம். கதவைத் திறந்து சுவரில தட்டிக் காட்டினார். 'பார், சுவர் இருக்கு' எண்டார்."

நானும் பிறகு உள்ளே போய்த் தட்டிப் பார்த்தேன். மெல்லிய ஓடு, டொக் டொக் என்கிறது.

ஆகஸ்ட் 17

இரவு மழை. நான் போட்ட யன்னல்கள் ஒரு சொட்டு விடவில்லை. கூரை யன்னலை மறந்துவிட்டேன். அது சரியாக இவருடைய நெற்றியில் விட்டது. மூன்று மணிக்குக் கறிச்சட்டியை வைத்துப் படுத்தோம். பின் கட்டிலில் அம்மாவும் மகளும், மேல்தட்டில் மகன், கீழே நாங்கள் இருவரும் ஒருக்களித்து. திரும்புவதென்றால் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அம்மா நல்ல நித்திரை. குறட்டை கேட்டது.

ஆகஸ்ட் 18

புறப்பாடு. மகன் அலுமாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் குரலில் எழுத்துக்கூட்டி வாசித்தான். காஸ் பூட்டு. பூட்டியாச்சு. கூரை யன்னல். சாத்தியாச்சு, சட்டியோடு. படி. மடக்கியாச்சு. சங்கிலி, லைற். இவர் பின்னால் போய்ப் பார்த்துக் கை காட்டினார்.

"அம்மம்மா?" என்று வாசித்தான்.

வானின் நடு இருக்கையிலிருந்து குரல் வந்தது. "இருக்கிறன், இருக்கிறன். கதவைச் சாத்தடா, நுளம்பு வருது."