நான் சொன்னதாக நினைக்கும் 'பெரும்பாலும்'

"இவளுக்குக் கிட்னி போகாதில்லையா, டாக்டரம்மா?"

"போகாது."

நடந்தது இவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளாக இந்தக் கேள்வியையும் பதிலையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் நினைவில் நான் "பெரும்பாலும் போகாது" என்றுதான் சொன்னேன். அந்தத் தாயின் நினைவில் "போகாது" மட்டுமே இருக்கிறது. 'பெரும்பாலும்' என்ற அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததா, அல்லது எல்லாம் நடந்து முடிந்த பிறகு நானே அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தேனா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

குழந்தைக்கு எட்டு வயது. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறார். பள்ளி திறந்த ஜூன் மாதம் சளி, தொண்டை வலி வந்து போயிருக்கிறது. பத்து நாள் கழித்துக் கணுக்காலில் சிவப்புத் தடிப்புகள். மருந்துக்கடையில் பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்தார்கள். மறுநாள் முழங்கால் வீங்கி, வயிற்று வலியில் சுருண்டு படுத்தவளைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்கு வந்தார்கள். பள்ளிச் சீருடையின் சாக்ஸைக் கழற்றியபோது, அதன் இறுக்கமான விளிம்பு அழுத்திய இடத்தில் ஒரு வளையம்போலத் தடிப்புகள் நெருக்கமாக இருந்தன. விரலால் தடவினால் மேடு தட்டுப்பட்டது. கண்ணாடித் துண்டால் அழுத்திப் பார்த்தேன். நிறம் மறையவில்லை. இரத்தத் தட்டணுக்கள் சரியாக இருந்தன. ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ்: சிறு இரத்தக் குழாய்களில் வரும் அழற்சி, சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையும் தொடும். நான் படித்த காலத்தில் ஹெனாக் ஷோன்லைன் பர்ப்புரா என்பார்கள். 2012-ல்தான் பெயரை மாற்றினார்கள்.

அன்று சிறுநீரில் ஒன்றுமில்லை. இரத்த அழுத்தமும் சரியாகவே இருந்தது. வயிற்று வலிக்காகச் சில நாள் ஸ்டீராய்டு கொடுத்தேன். அது சிறுநீரகத்தையும் காக்கும் என்று அந்தத் தாய் நம்பியதைப் பின்னால்தான் அறிந்தேன். காக்காது. பிரிட்டனில் 352 குழந்தைகளைக் கொண்டு செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்த குழந்தைகளுக்கும் கொடுக்காதவர்களுக்கும் ஓராண்டு கழித்துச் சிறுநீரில் புரதம் போவதில் வேறுபாடு இல்லை. இது எனக்குத் தெரியும். எதற்காகக் கொடுக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். எதற்கு உதவாது என்பதைச் சொல்லவில்லை.

கேள்வியை அவர் எப்படிக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். "போகுமா?" என்று கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். "போகாதில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் பதில் ஏற்கெனவே இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஆமோதித்தால் போதும். அவருடைய கொழுந்தனார் டயாலிசிஸில் இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் பஸ் ஏறிப் போய், இரவில் வெளுத்த முகத்தோடு திரும்பும் ஒரு மனிதரை அந்த வீடு பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த வீட்டில் 'கிட்னி' என்றால் அவர்தான். "இவளும் அவரைப்போல ஆகிவிடுவாளா?" என்பதே அந்தக் கேள்வியின் உட்பொருள். அதற்கு நான் சொன்ன பதில் அன்றைய கணக்கில் சரியான பதில்தான். இதை இன்றும் சொல்வேன்.

கணக்கு இதுதான். 2005-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 12 ஆய்வுகளில் இருந்த 1,133 குழந்தைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குச் சிறுநீரில் ஏதோ ஒரு கோளாறு வந்தது. அப்படி வந்தவர்களில் 85 விழுக்காட்டினருக்கு நான்கு வாரத்துக்குள், 97 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் அது வெளிப்பட்டுவிட்டது. சிறுநீர் கடைசிவரை சுத்தமாகவே இருந்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சிறுநீரகம் நிரந்தரமாகக் கெடவில்லை. இரத்தமோ புரதமோ சிறிதளவு மட்டும் போனவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. அதிகப் புரதமும் வீக்கமும், அல்லது இரத்த அழுத்தத்தோடு கடுமையான அழற்சியும் வந்தவர்களில் 19.5 விழுக்காட்டினருக்கு. முதல் நாள் சிறுநீரில் ஒன்றுமில்லாத ஒரு குழந்தையின் தாயிடம் "போகாது" என்று சொல்ல இந்த எண்கள் இடம் கொடுக்கின்றன.

ஆனால் 'சிறுநீர் கடைசிவரை சுத்தமாக இருந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறு மாதம் பார்த்தால்தான் அந்தச் சொற்றொடர் உண்மையாகும். பார்ப்பதற்காகத்தான் சீட்டில் தேதிகளை எழுதிக்கொடுத்தேன். முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர். இரண்டு வாரம் வந்தார்கள். இரண்டு முறையும் சுத்தம். அதன்பின் வரவில்லை.

அக்டோபரில் வந்தார்கள். காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கிறது, சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போகிறது என்றார்கள். சோதனைப் பட்டையை நனைத்து எடுத்தேன். புரதம் இல்லாவிட்டால் மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டம், நான் எண்ணத் தொடங்குமுன்பே கரும்பச்சைக்குப் போய்விட்டது. எட்டு வயதுக் குழந்தைக்கு இரத்த அழுத்தம் 130-க்கு 90.

காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். அந்தத் தாய் பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுத்தார். அதோடு சேர்ந்து என் சீட்டும் வந்தது. நான்காக மடித்து, மடிப்பு கிழியாமல் பத்திரமாக வைத்திருந்தார். முதல் இரண்டு தேதிகளுக்கு எதிரில் 'சரி' குறி. மற்றவை வெறுமையாக இருந்தன. "மூன்றாவது வாரம் கிளம்பிக்கொண்டுதான் இருந்தேன், டாக்டரம்மா. டாக்டரே போகாது என்று சொல்லிவிட்ட பிறகு எதற்கு வீண் அலைச்சல் என்று மாமியார் கேட்டார். எனக்கும் சரி என்று பட்டது." குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை வேதனை இருந்திருக்காது.

இங்கே ஒரு விஷயம். நீண்ட காலம் போர்வெல் தண்ணீரின் ஃப்ளோரைடால் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறிய மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் எந்த நோய்க்கும் முதலில் தண்ணீர் மேல்தான் பழி விழும். அவரும் அன்று, "எங்கள் ஊர்த் தண்ணீரால்தானா?" என்று கேட்டார். இல்லை, உங்கள் மீதும் தவறில்லை, தண்ணீர் மீதும் தவறில்லை என்றேன். யார் மீது என்று அவர் கேட்கவில்லை.

சேலத்துக்கு அனுப்பினேன். அங்கே சிறுநீரக மருத்துவர் பயாப்சி செய்தார், அதாவது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார். அறிக்கை வந்தபோது தொலைபேசியில் என்னிடம் படித்துக் காட்டினார். மூன்றாம் நிலை. அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் பாதிக்கும் குறைவானவற்றில் பிறை வடிவத்தில் செல்கள் குவிந்திருக்கின்றன. ஆறு நிலைகளில் மூன்று என்று கேட்டபோது நிம்மதிதான் வந்தது. பிறகு அவர் இன்னொரு வரியைப் படித்தார். பிறைகளில் சில நாராக மாறத் தொடங்கியிருக்கின்றன.

அந்த ஒரு வரிதான் என்னை இன்னும் விடாமல் இருக்கிறது. பிறை புதிதாக இருக்கும்போது வெறும் செல்கள்தான். மருந்து கேட்கும், கரையும். வாரங்கள் போகப்போக அது நாராகித் தழும்பாகிவிடும். தழும்பை எந்த ஸ்டீராய்டும் கரைக்காது. நாரான பிறை என்றால் அது நேற்று வந்ததில்லை. சீட்டில் வெறுமையாக இருந்த அந்தத் தேதிகளில் ஏதோ ஒன்றில் அது புதிதாக இருந்திருக்கிறது.

எனக்காக நானே வாதாடியும் பார்த்திருக்கிறேன். நான்காவது வாரம் வந்திருந்தாலும் சிறிதளவு புரதம்தான் தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு யாரும் பயாப்சிக்கு அனுப்புவதில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்பதே வழக்கம். நானும் பொறுத்திருப்பேன், பிறைகள் எப்படியும் வந்திருக்கும். சேலத்து மருத்துவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். இந்த வாதத்தில் பிழையில்லை. ஆனாலும் பொறுத்துப் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றாகுமா? வாரா வாரம் பார்த்திருந்தால், கட்டம் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு ஏறும் அந்த வாரத்தில் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

ஓர் இரவு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் இந்நோய்க்குச் சகோதரிபோல. பயாப்சியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். அதற்கென்று 2019-ல் ஒரு கணிப்புக் கருவி வந்தது. வயது, இரத்த அழுத்தம், புரத அளவு, பயாப்சி விவரங்கள் ஆகியவற்றைக் கொடுத்தால், ஐந்தாண்டுகளில் சிறுநீரகச் செயல்பாடு பாதியாகக் குறையும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று சொல்லும். அது வேறு நோய்க்கு, பெரியவர்களை வைத்து உருவாக்கப்பட்டது என்று தெரிந்தே இந்தக் குழந்தையின் எண்களை அதில் போட்டேன். ஓர் எண் வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கும் எழுத மாட்டேன். அந்த எண் இவளைப் பற்றியது அல்ல. ஆனால் அதைப் பார்த்த கணத்தில், அன்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த தாய்க்கு என்ன தேவைப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. தவறானதாக இருந்தாலும் பரவாயில்லை, உறுதியாக ஒன்றைச் சொல்லுங்கள் என்பதுதான்.

இதற்குப் பிறகு முழுமையாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மறு ஆண்டு, காவேரிப்பட்டணத்திலிருந்து அதே நோயோடு ஆறு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். சிறுநீரில் லேசாக இரத்தமும் புரதமும். தகப்பனாரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். "நூற்றில் எத்தனை பேருக்குப் போகும்?" என்று கேட்டார். "இந்த அளவில் இருந்தால் ஒன்று, இரண்டு" என்றேன். அவர் காதில் 'ஒன்று' விழுந்தது, 'நூறு' விழவில்லை. மறுநாளே வட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போனார்கள். அங்கே பத்து நாள். பையனின் சிறுநீர் மூன்று மாதத்தில் தானாகவே சுத்தமாகிவிட்டது. வட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவரே சொன்னார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர்கள் ஒரு தேதியைக்கூடத் தவறவிடவில்லை.

அப்படியானால் பயமுறுத்துவதுதான் சரியா? பயந்தவர் வந்தார், நிம்மதி அடைந்தவர் வரவில்லை என்று இந்த இரண்டு குடும்பங்களும் சொல்வதுபோலத் தோன்றுகிறது. இதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. டயாலிசிஸ் மனிதர் இருக்கும் ஒரு வீட்டில், சுத்தமான சிறுநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் தூக்கம் கெடும்படி ஒரு வார்த்தையைச் சொல்ல அன்றும் என்னால் முடிந்திருக்காது. நாளையும் முடியாது என்றே நினைக்கிறேன். "போகாது, ஆனால் நீங்கள் வந்தால்தான் அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பார்க்கிறேன். சிலர் முதல் பாதியைக் கேட்கிறார்கள், சிலர் இரண்டாம் பாதியை.

இப்போது அவளுக்குப் பத்து வயது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு சரியாக இருக்கிறது. இரத்த அழுத்தத்தையும் புரதத்தையும் குறைக்கும் எனலாப்ரில் மாத்திரை போகிறது. ஸ்டீராய்டு நிறுத்தியாகிவிட்டது. புரதம் மட்டும் முழுதாக நிற்கவில்லை. முதல் பயாப்சி என்ன சொன்னது என்பதைவிட, அதன்பின் புரதம் எத்தனை காலம் தொடர்ந்து போகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அதாவது முன்கூட்டிச் சொல்வதற்குக் காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் அவளுக்காக என் மனத்தில் கிடக்கிறது. குழந்தையாக இருந்தபோது இந்நோய் சிறுநீரகத்தைத் தொட்ட 78 பேரைச் சராசரியாக 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1992-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பெண்களுக்கு நிறைமாதம் வரை சென்ற 44 கர்ப்பங்களில் 16-ல் புரதமோ இரத்த அழுத்தமோ வந்தது. அப்போது சிறுநீரக நோய் தீவிரமாக இல்லாதவர்களுக்கும்கூட. இவள் ஒருநாள் எந்த ஊரிலோ, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கர்ப்பிணியாக வரிசையில் நிற்பாள். எட்டு வயதில் காலில் வந்த தடிப்பைப் பற்றி அங்கே யார் கேட்பார்கள்? கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பு அதுவரை இருக்க வேண்டும்.

வீட்டிலேயே பட்டை வைத்துப் பார்க்கத் தாய்க்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கோடு போட்ட நோட்டில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு வருகிறார். நாங்கள் பிளஸ் குறி போடும் இடத்தில் அவர் 'இளம்பச்சை', 'வெளிர்மஞ்சள்' என்று நிறத்தையே எழுதுகிறார். கிட்னி போகுமா, போகாதா என்று அவர் இப்போது கேட்பதில்லை. போன வாரம் ஒரு பட்டையைக் காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். காய்ந்த பட்டையில் நிறம் நிற்காது, அதைப் பார்த்துப் பயனில்லை என்றேன். அங்கேயே புதிதாக ஒன்று நனைத்து, நிமிடம் எண்ணி, இருவரும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.

"போன தடவையைவிடக் கொஞ்சம் மஞ்சள் கூடியிருக்கிறது இல்லையா, டாக்டரம்மா? எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?"

டப்பாவில் ஒட்டியிருந்த நிறங்களோடு மீண்டும் ஒருமுறை சேர்த்துவைத்துப் பார்த்தேன். இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்தது.

"அடுத்த வாரமும் பார்ப்போம்" என்றேன். அவர் நோட்டைத் திறந்து தேதியை எழுதிக்கொண்டார். நிறத்துக்கான இடத்தை அப்படியே விட்டுவைத்தார்.