டி டிரைவுக்குப் பூட்டு போட்ட கதை

வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் நான்கு. வருடக்கணக்காக எல்லாரும் ஒரே கணக்கில்தான் புழங்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் டி டிரைவில் இருந்த என் அலுவலக ஃபோல்டரையே காணோம். அரை மணி நேரம் தேடினால், மகனின் கேம் ஃபோல்டருக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அவன் எதையோ மவுஸால் இழுக்கப்போய் இதுவும் கூடவே போயிருக்கிறது. அவனைத் திட்டி என்ன பயன்? எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது எதையும் மாற்றும் அதிகாரத்தோடு, உள்ளே வரும்படி விட்டுவைத்தது நான்தானே.

சரி என்று விண்டோஸ் செட்டிங்ஸுக்குப் போய் மற்ற மூவருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டேன். புதிதாகச் சேர்க்கும் கணக்கு, அதிகாரம் குறைந்த ஸ்டாண்டர்டு யூசராகத்தான் வரும். என் கணக்குக்கு ஒரு நல்ல கடவுச்சொல்லும் வைத்தாயிற்று. வேலை முடிந்தது என்று நினைத்து மகனின் கணக்கில் நுழைந்து பார்த்தேன். டி டிரைவ் தாராளமாகத் திறந்தது. சோதனைக்கு ஒரு ஃபைலை அழித்தேன், அழிந்தது.

விஷயம் இதுதான். ஸ்டாண்டர்டு யூசர் கை வைக்க முடியாதது விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், அடுத்தவரின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகியவற்றில்தான். டி மாதிரி தனி டிரைவில், உள்ளே நுழைந்த எவருக்கும் மாற்றவும் அழிக்கவும் அனுமதி இயல்பாகவே இருக்கும்.

டிரைவையே மறைத்துவிட்டால்? எங்களுடையது ஹோம் பதிப்பு. இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளைப் போட உதவும் குரூப் பாலிசி எடிட்டர் அதில் வராது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘நோடிரைவ்ஸ்’ என்று ஒரு மதிப்பு போடலாம். ஏ டிரைவுக்கு 1, பி-க்கு 2, சி-க்கு 4, டி-க்கு 8 என்று கணக்கு. 8 போட்டு, வெளியேறி மறுபடி நுழைந்ததும் டி மறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் மகன் வந்தான், அட்ரஸ் பாரில் டி என்று அடித்து ஒரு முக்காற்புள்ளி வைத்தான், என்டர் தட்டினான். திறந்துகொண்டது. நான் செய்தது கதவுக்குத் திரை போட்டது மட்டும்தான், பூட்டு போடவில்லை.

அப்புறம்தான் முறையான வழிக்கு வந்தேன். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. அங்கே ‘யூசர்ஸ்’ குழுவைத் தேர்ந்தெடுத்து எல்லா வரியிலும் ‘டினை’யை, அதாவது மறுப்பை, டிக் செய்தேன். அடுத்த நொடி என்னாலேயே ஃபோல்டரைத் திறக்க முடியவில்லை! உள்ளே நுழைந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டரும் அந்தக் குழுவில் அடக்கம் என்பதும், ஒரே இடத்தில் அனுமதியும் மறுப்பும் இருந்தால் மறுப்பே ஜெயிக்கும் என்பதும் அன்றுதான் உறைத்தது. நல்லவேளை, ஃபோல்டரின் உரிமையாளர் நான். உள்ளே போக முடியாவிட்டாலும் அனுமதிகளைத் திருத்தும் உரிமை உரிமையாளருக்கு எப்போதும் உண்டு. டிக்குகளை எடுத்துவிட்டேன்.

சரியான வழியில் டினை தேவையே இல்லை, இருக்கும் அனுமதியைப் பிடுங்கினால் போதும். ஆனால் பட்டியலில் ‘யூசர்ஸ்’ஸை நீக்கப் போனால், இது மேலிருந்து வருவது, நீக்க முடியாது என்று விண்டோஸ் மறுக்கும். அதற்கு ‘அட்வான்ஸ்டு’ உள்ளே போய் இன்ஹெரிட்டன்ஸை, அதாவது டிரைவின் அனுமதிகள் உள்ளிருக்கும் ஃபோல்டருக்கும் தானாக இறங்குவதை, நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது இரண்டு வழி கேட்கும்: வந்த அனுமதிகளை நேரடி அனுமதிகளாக மாற்றிக்கொள்வதா, எல்லாவற்றையும் நீக்கிவிடுவதா என்று. முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். பிறகு ‘யூசர்ஸ்’, ‘ஆதன்டிகேட்டட் யூசர்ஸ்’ (கணக்கு வழியாக உள்ளே நுழைந்த எல்லாரும்) இரண்டையும் நீக்கிவிட்டு, ‘சிஸ்டம்’ (விண்டோஸேதான்), ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இரண்டையும் அப்படியே விட்டு, என் பெயரைத் தனியாகச் சேர்த்து முழு அனுமதி கொடுத்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில்தான் நான் இருக்கிறேனே, பெயர் எதற்கு என்று தோன்றும். அட்மின் அதிகாரத்தை விண்டோஸ் எந்நேரமும் கையில் தராது, கேட்டால்தான் தரும். பெயர் இல்லாவிட்டால் நானே என் ஃபோல்டர் வாசலில் நின்று ‘கன்டினியூ’ அழுத்த வேண்டியிருக்கும்.

மகன் கணக்கில் சோதித்தேன். அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் வந்தது. அப்பாடா! பென் டிரைவில் இருக்கும் வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கொண்டு கம்ப்யூட்டரைத் தொடங்கினால் இந்தப் பூட்டு நிற்காது, அதற்கு டிரைவையே என்கிரிப்ட் செய்ய (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்ற) வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

ஒரு வாரம் கழித்து மகன் கேட்டான்: “என் டாக்குமென்ட்ஸை நீங்க திறக்க முடியுமாப்பா?” முடியும் என்றேன். ‘கன்டினியூ’ அழுத்தினால் அட்மினுக்கு அவன் ஃபோல்டரும் திறக்கும், ஒருமுறை அழுத்தினால் அந்த அனுமதி அப்படியே நிலைத்தும்விடும். அன்றிலிருந்து தன் ரகசியங்களையெல்லாம் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்கிறான். அதில் செக்யூரிட்டி டேபே கிடையாது, செருகினால் யாரும் திறக்கலாம் என்பதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.