பாட்டை அமுக்கிய பேண்ட், அப்புறம் ஒரு டிராம்போன்

போன வாரம் முழுக்க ஒரே ஆல்பத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்க ஜாஸ் பேஸ் கலைஞர் சார்லி ஹேடனின் 'லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா'. 1969 ஏப்ரலில் நியூயார்க்கில் பதிவு செய்தது. அதிலும் கடைசி ஏழரை நிமிடத்தை எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் ஆறு நிமிடத்துக்கு ஒரு பெரும் களேபரம், அதன் பின்னாலேயே 'வீ ஷல் ஓவர்கம்' ('நாம் வெல்வோம்' என்கிற, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டப் பாட்டு), அதுவும் ஒன்றரை நிமிடம்கூட வராது. இந்த இரண்டும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

1968 ஆகஸ்ட் 28, சிகாகோ. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் மாநாடு. வெளியே போராட வந்தவர்களைப் போலீஸ் தடியால் அடித்துக்கொண்டிருந்த அதே நாளில், உள்ளே வட வியட்நாம் மீது குண்டு போடுவதை நிறுத்தச் சொன்ன தீர்மானம் ஓட்டெடுப்பில் தோற்றது. தோற்றவர்கள், முக்கியமாக நியூயார்க் பிரதிநிதிகள், எழுந்து நின்று 'வீ ஷல் ஓவர்கம்' பாட ஆரம்பித்தார்கள். கூட்டம் மேடைக்கு அடங்கவில்லை. உடனே மாநாட்டு பேண்டை வாசிக்கச் சொன்னார்கள். நல்ல காலம் திரும்பிவிட்டது என்று கொண்டாடும் 'ஹேப்பி டேஸ் ஆர் ஹியர் அகெய்ன்' மாதிரியான குஷிப் பாட்டுகளை வாசித்து, பாடியவர்களின் குரலை அமுக்கப் பார்த்தது அந்த பேண்ட். இதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஹேடனும் ஒருவர்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். 1965 மார்ச் 15 அன்று, அலபாமா மாநிலத்தின் செல்மாவில் கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களை அடித்துத் துரத்திய சில நாட்களில், ஜனாதிபதி ஜான்சன் நாடாளுமன்றத்தில் பேசும்போது அந்தப் பாட்டின் வரியைத் தன் வாயாலேயே சொன்னார். வீ ஷல் ஓவர்கம். அதே ஜான்சனின் கட்சி மாநாட்டில்தான் 1968-ல் அதே பாட்டை பேண்ட் வைத்து அமுக்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

இந்தப் பாட்டை இன்னொருவர் எப்படி வாசிக்க முடியும்? எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, நம் ஊர் என்எஸ்எஸ் முகாம்களில்கூட 'ஹம் ஹோங்கே காம்யாப்' என்று கைகோத்துப் பாடுகிற மெட்டு. அழகாக வாசித்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அன்றைக்கு நடந்தது அதில் இருக்காது. ஹேடன் செய்தது என்னவென்றால், 13 பேர் கொண்ட குழுவை இரண்டு பேண்டாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்றாக மோதவிட்டார். அந்தத் துண்டின் பெயர் 'சர்க்கஸ் '68 '69'. ஊதுகருவிகள் ஒரு பக்கம் கத்த, இன்னொரு பக்கம் யாரோ அணிவகுப்பு மாதிரி எதையோ தொடங்கிச் சிதற, பால் மோஷன், ஆண்ட்ரூ சிரில் என்று இரண்டு டிரம்ஸ்காரர்கள் வேறு. தம்பிக்குப் போட்டுக் காட்டினேன், சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்றான். சரியாகத்தான் சொன்னான். அன்றைக்கு அந்த மாநாடு சந்தைக்கடையாகத்தான் இருந்தது. ஃப்ரீ ஜாஸ், அதாவது கட்டுப்பாடுகளை உதறிவிட்டு வாசிக்கிற இந்த வகை ஜாஸ், வெறும் சத்தம் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான், ஏனென்றால் இங்கே அந்தச் சத்தத்துக்குத் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது.

அப்புறம் அது ஓய்கிறது. ராஸ்வெல் ரட்டின் டிராம்போன் 'வீ ஷல் ஓவர்கம்' மெட்டை எடுக்கிறது.

பாடகர் யாரும் இல்லை, வார்த்தையே இல்லை. டிராம்போன் குழாயை இழுத்து நீட்டி ஊதுகிற கருவி, அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகலாம் இல்லையா, ரட் அதை நன்றாகவே பயன்படுத்துகிறார், மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட வருவது போல ஒரு கரகரப்பு. மேடைகளில் கேட்டுப் பழகிய நிமிர்வு இதில் இல்லை, கறுப்பினத்தவரின் சோக இசையான ப்ளூஸ்தான் இருக்கிறது. எனக்கு லூசில் சிமன்ஸ் நினைவுதான் வந்தது. 1945-46-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மறியல் முடியும் நேரத்தில் இந்தப் பாட்டை இழுத்து இழுத்து மெதுவாகப் பாடியவர் அவர். அங்கிருந்துதான் இது தொழிற்சங்கக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்த டென்னசியின் ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரிடம் போய், 1960-ல் மாணவர் இயக்கத்தின் கைக்கு வந்தது. ரட்டின் வாசிப்பு பாட்டைத் திரும்ப அந்த மறியல் வாசலுக்கே கூட்டிப் போய்விடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஹேடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அயோவாவில் பிறந்த வெள்ளைக்காரர், சின்ன வயதில் குடும்பத்தோடு ரேடியோவில் கன்ட்ரி பாட்டுப் பாடியவர். 15 வயதில் போலியோ வந்து குரலைக் கெடுத்துவிட்டது, அதற்குப் பிறகுதான் முழுமூச்சாக பேஸ். ஃப்ரீ ஜாஸின் முன்னோடியான சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனின் குழுவில் வாசித்தவர். 1971-ல் அந்தக் குழுவோடு போர்ச்சுக்கல் போனபோது, சே குவேராவுக்காகத் தான் எழுதிய 'சாங் ஃபார் சே'யை, அப்போது போர்ச்சுக்கலின் காலனிகளாக இருந்த மொசாம்பிக், அங்கோலா, கினியா விடுதலை இயக்கங்களுக்கு அர்ப்பணிக்கிறேன் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டு போய் ரகசியப் போலீஸ் விசாரித்தது. குரலை இழந்த ஒருவர், குரல்களை அமுக்கியதைப் பார்த்துவிட்டு, குரலே இல்லாமல் அந்தப் பாட்டை வாசிக்க வைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டபின் அந்த டிராம்போனை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

கேட்பதாக இருந்தால் கடைசித் துண்டை மட்டும் தனியாக எடுத்துக் கேட்காதீர்கள். முன்னால் இருக்கிற ஆறு நிமிடத்தையும் சேர்த்து, காது வலித்தாலும் தள்ளிவிடாமல், ஒரே மூச்சில் கேளுங்கள். ஹெட்போன் இருந்தால் இன்னும் நல்லது.