ஒன்பது பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி வாங்கிய அனுபவம்

பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வர அரசு தரும் போக்குவரத்துப் படியைக் கேட்டிருந்தோம். 2023 ஆகஸ்டில் எங்களுக்கு வந்த பதில் இரண்டே வரி. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தூரம் 800 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதால் போக்குவரத்துப் படி வழங்க இயலாது. அந்தத் தாளைத் திண்ணையில் உட்கார்ந்து நான்கு முறை படித்தேன். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் கால்களுக்கு அந்த 800 மீட்டர் ஒரு மணி நேர நடை.

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் போகும் சாலையில் இறங்கி, காட்டோரமாக ஏறினால் எங்கள் ஊர். முப்பத்தொரு வீடுகள். பள்ளி கீழே, சாலையோரக் கிராமத்தில். நடுவில் ஓர் ஓடை, அதை ஒட்டிச் செங்குத்தான பாறைச் சரிவு. அலுவலகத்து வரைபடத்தில் அந்த ஓடை ஒரு நீலக்கோடு. கோட்டின் மேல் அளவுகோலை வைத்து 800 மீட்டர் என்று எழுதிவிட்டார்கள். ஐப்பசி மழையில் அங்கே இடுப்பளவுத் தண்ணீர் ஓடும். பிள்ளைகள் சரிவைச் சுற்றி, வண்டிப்பாதையில்தான் போக வேண்டும். கேழ்வரகு முற்றும் மாதங்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளுக்கு வருகின்றன. அந்த நாட்களில் வெயில் ஏறாமல் யாரும் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்.

அதே மாதம் 25ஆம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. எங்கள் பள்ளியிலும் தொடங்கியது. கீழூர்ப் பிள்ளைகள் சுடச்சுட ரவா உப்புமா சாப்பிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் போய்ச் சேரும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். சமையல் செய்யும் அக்கா சில நாள் ஒன்பது தட்டுகளை மூடி எடுத்து வைப்பார். அது அவருடைய நல்ல மனம். எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் சமம் ஆகிவிடாது என்பது அந்த ஆறிப்போன தட்டுகளைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது.

2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைப்புச் செய்தபோது என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துப் போடும் குழு என்றே நான் முதலில் நினைத்திருந்தேன். பதிலை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனேன். அவர் விதிகளை அச்செடுத்து வைத்திருந்தார். “அம்மா, விதியில் நடக்கும் தூரம் என்றுதான் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள்” என்றார். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் நடக்கும் தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும். வெள்ளம், நிலச்சரிவு, பாதையின்மை போன்ற ஆபத்து உள்ள இடங்களில் இந்த வரம்பையே குறைக்க வேண்டும். பள்ளி இல்லாத சிறு குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு அரசு இலவசப் போக்குவரத்து போன்ற ஏற்பாடு செய்து தர வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அதற்கென்று ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை இடம் இருக்கிறது.

அப்படியானால் நடந்து அளந்து காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்த கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப்பை இரவல் வாங்கினோம். நானும் மற்ற ஆறு தாய்மார்களும் கடைசி வீட்டு வாசலிலிருந்து தொடங்கினோம். இருவர் டேப்பைப் பிடிக்க, ஒருவர் முடியும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட, எண்ணிக்கை தவறக் கூடாது என்று நான் புளியங்கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டேன். பத்து டேப்புக்கு ஒரு கொட்டை. வளைவுகளில் டேப் கல்லில் சிக்கும். அவிழ்த்து மறுபடி பிடிப்போம். பள்ளி வாசற்படியைத் தொட்டபோது ஒன்பது கொட்டைகள், மேலே நான்கு டேப். 2,820 மீட்டர். ஒரு தாய் அப்படியே படியில் உட்கார்ந்து, “இவ்வளவு தூரமா தினமும் அனுப்பினோம்?” என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தீர்மானத்தில் “வசதி செய்து தர வேண்டும்” என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். நாங்கள் பாதையைக் கையால் வரைந்து, ஓடையையும் சரிவையும் குறித்து இணைத்தோம். கிராம நிர்வாக அலுவலர் பாதையைப் பார்த்துத் தூரச் சான்று கொடுத்தார். யானை நடமாட்டம் பற்றி வனத்துறையிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்கினோம்.

கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு ஒன்றரை மாதம் காத்திருந்தோம். பதில் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை நானும் இன்னொரு தாயும் விடியற்காலையில் கிளம்பி, தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போனோம். இருவருக்கும் அன்றைய கூலி போயிற்று. ஆனால் கையில் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வந்தது. அந்த எண் இருந்தால் அடுத்த முறை பேச்சே வேறு மாதிரி இருக்கிறது.

பத்து நாளில் வட்டார வள மையத்திலிருந்து ஓர் ஆசிரியர் பயிற்றுநர் நேரில் வந்தார். வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு எங்களோடு முழுப் பாதையும் நடந்தார். ஓடைக்கரையில் நின்று, “அறிக்கையில் நான் எழுதுகிறேன் அம்மா” என்று மட்டும் சொன்னார். சொன்னபடி எழுதினார்.

ஒப்புதலுக்குப் பின் வங்கிக் கணக்குதான் பெரும்பாடு. மூன்று பிள்ளைகளின் ஆதாரில் முதலெழுத்து வேறு, பள்ளிப் பதிவில் வேறு. ஒரு தாய்க்குக் கன்னடம்தான் தெரியும். வங்கியில் அவருக்காக நான் ஒவ்வொரு கட்டத்தையும் படித்துச் சொன்னேன். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

2024 ஜனவரியில் படி வரத் தொடங்கியது. பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய், ஒன்பது பேருக்கு 5,400. நாளொன்றுக்கு ஏறக்குறைய 245 ரூபாய்க்கு யார் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுவார்கள்? எங்கள் ஊர்க்காரர் ஒருவர், காலையில் காய்கறி ஏற்றப் போகும்போதே பிள்ளைகளையும் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டார். மாலையில் திரும்பி வரும் டீசலுக்கு வீட்டுக்கு 100 ரூபாய் நாங்கள் சேர்த்துக் கொடுக்கிறோம். முதல் நாள் ஜீப் எட்டு மணிக்கே பள்ளி வாசலில் நின்றது. அன்று வெண்பொங்கல். ஒன்பது பேரும் வரிசையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஆவி பறக்கச் சாப்பிட்டார்கள்.

இன்னொரு குறையும் மனதில் கிடக்கிறது. ஆண்டுதோறும் வரும் பள்ளி மானியம் தலைக்கணக்கில் வருகிறது. 58 பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளிக்கு 25,000 ரூபாய், நூறைத் தாண்டினால் 50,000. ஆனால் மலைக்கு மேலே ஒரு மின்பணியாளரை வரவழைக்க ஆகும் செலவு நகரத்தைவிட இரு மடங்கு. தலைக்கணக்கோடு தொலைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். 2024-25இல் படியும் மானியமும் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று செய்தித்தாளில் படித்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஜீப்தான். அந்தப் பணத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, மலையில் இருக்கும் ஒன்பது வீடுகளையும் தொட்டது.

பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தயாராகிறது. பெயர் விட்டுப்போனால் படியும் போய்விடும். 2024 ஆகஸ்டில் குழு மாறியது. இந்த ஜூனில் எங்களுக்கும் மேலே இருக்கும் மூன்று வீடுகளிலிருந்து இரண்டு பிள்ளைகள் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். புதிய தலைவரோடு நானும் போய் அந்த வீடுகளிலிருந்து எங்கள் ஊர்வரை அளந்தேன். இன்னும் பதினொரு டேப் வந்தது. பட்டியலில் பதினொரு பெயர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு தீர்மானப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது.